எச்-இண்டெக்ஸ் தந்தவரை எச்-இண்டெக்ஸில் நிறுத்தினால்: ஹோர்ஹே ஹிர்ஷ், ஒரு நிகழ்வு ஆய்வு

2005 ஆகஸ்ட்டில் ஹோர்ஹே ஹிர்ஷ், அச்சாகும் முன்பே ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் ஆர்க்கைவ் இணையதளத்தில் ஒரு சின்னக் கட்டுரையை ஏற்றினார். நவம்பரில் அது அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் அச்சானது. மொத்தமே 4 பக்கம். எழுதியவர் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். ஆனால் கட்டுரையில் இயற்பியல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் வேலையை ஒரே எண்ணில் எப்படிச் சொல்வது என்பதுதான் விஷயம்.

அந்த எண்தான் எச்-இண்டெக்ஸ். இன்று வேலைக்கு ஆள் எடுப்பவரும், பதவி உயர்வுக் குழுவும், நிதி கொடுக்கும் அமைப்பும் முதலில் பார்ப்பது அதைத்தான். நம் ஊர்ப் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவங்களிலும் அதற்கென்று ஒரு கட்டம் வந்துவிட்டது. அந்தக் கட்டத்தை நிரப்பும் பலருக்கு, இதைக் கொண்டுவந்தவர் எப்படிப்பட்ட ஆராய்ச்சியாளர், அவருடைய கட்டுரைகள் எப்படி வாசிக்கப்பட்டன என்பது தெரியாது. அவருடைய பட்டியலை எடுத்து அவருடைய அளவுகோலாலேயே அளந்து பார்த்தால் சுவாரசியமான சிக்கல்கள் வருகின்றன. எல்லோரும் கொண்டாடும் வேலை, யாரும் கண்டுகொள்ளாத வேலை, இன்னொருவரின் கட்டுரை கீழே விழக் காரணமான வேலை, மூன்றும் இந்த ஒரே மனிதரிடம் இருக்கின்றன. மூன்றையும் அந்த எண் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

கணக்கு எப்படிப் போடுவது

முறை எளிது. ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் ஒவ்வொரு முறை குறிப்பிடும்போதும் அதற்கு ஒரு மேற்கோள். ஒருவருடைய கட்டுரைகளை, வாங்கிய மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும். வரிசை எண்ணும் மேற்கோள் எண்ணும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள் வாங்கியிருந்து, 21ஆவது கட்டுரைக்கு 21 இல்லையென்றால் எச் 20.

ஒரு கற்பனை ஆராய்ச்சியாளரை வைத்துப் பார்ப்போம். அவருக்கு 7 கட்டுரைகள். மேற்கோள்கள் 120, 31, 14, 9, 5, 4, 0. ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, ஆறாவதுக்கு 4தான். ஆகவே எச் 5. இப்போது முதல் கட்டுரை திடீரென்று உலகப் புகழ் பெற்று 120 என்பது 12,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச் அப்போதும் 5தான். மாறாக, ஐந்தாவது கட்டுரைக்கு ஒன்றும் ஆறாவதுக்கு இரண்டும் கூடினால் போதும், எச் 6 ஆகிவிடும். மூன்றே மூன்று மேற்கோள். 11,880 மேற்கோளால் நகராத எண் மூன்றால் நகர்கிறது. அந்த மூன்றையும் ஆசிரியரே தன் அடுத்த இரண்டு கட்டுரைகளில் போட்டுக்கொள்ளலாம்.

இதை ஹிர்ஷ் யோசிக்காமல் இல்லை. தன்னைத்தானே மேற்கோள் காட்டினால் மொத்த எண்ணிக்கை ஏறும் அளவுக்கு எச் ஏறாது என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஆனால் எந்தக் கட்டுரைக்கு மேற்கோள் போட்டால் எண் ஏறும் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. பட்டியலின் நடுவில், எல்லைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பதைத் தள்ளிவிட்டால் போதும்.

ஒற்றை அதிர்ஷ்டத்துக்கு மதிப்பு கொடுக்கக் கூடாது, தொடர்ந்து உழைப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதுவரை புழக்கத்தில் இருந்த அளவுகளோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றமே. கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் குப்பை எழுதுபவர் ஜெயிப்பார். மொத்த மேற்கோளைப் பார்த்தால், 50 பேர் எழுதிய ஒரு பெரிய கட்டுரையில் ஓரமாகப் பெயர் இருந்தவர் ஜெயிப்பார். இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக வாங்கும் மேற்கோளைப் பார்த்தால், எங்கே அச்சானது என்பதுதான் தெரியும், என்ன எழுதினார் என்பது தெரியாது. இந்தக் கடைசி விஷயத்தில் ஹிர்ஷுக்குச் சொந்தக் கடுப்பும் உண்டு. சர்ச்சைக்குரிய விஷயங்களை எழுதியதால் பெரிய இதழ்களில் இடம் கிடைப்பது தனக்குக் கடினமாக இருந்தது, ஆனாலும் அந்தக் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்.

காலமும் கூடி வந்தது. யூஜீன் கார்ஃபீல்டு 1960களில் தொடங்கிய மேற்கோள் அட்டவணை அதற்குள் கணினிக்கு வந்துவிட்டது. 2004 நவம்பரில் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரும் ஸ்கோப்பஸும் வந்தன. 2011இல் கூகுள் ஸ்காலர் ஒவ்வொருவருக்கும் தனிப்பக்கம் திறந்து, வலது ஓரத்தில் எச்-இண்டெக்ஸை யாரும் கேட்காமலே காட்டத் தொடங்கியது. அதற்கு முன் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

2005 பட்டியல்

அந்த 4 பக்கக் கட்டுரையில் இயற்பியலாளர்களின் வரிசை ஒன்று இருக்கிறது. முதலிடம் எட்வர்ட் விட்டன், 110. அடுத்து ஆலன் ஹீகர் 107. பிலிப் ஆண்டர்சன் 91, ஸ்டீவன் வைன்பெர்க் 88, டி ஜென் 79, பாரிசி 73, வில்செக் 68. கடைசியில் 62இல் மில்ட்ரெட் டிரெசல்ஹாஸும் ஸ்டீஃபன் ஹாக்கிங்கும். ஹாக்கிங் பெயர் கடைசியில் இருப்பதைப் பார்த்து அப்போது பலர் சிரித்திருப்பார்கள். ஆனால் பட்டியலில் இருப்பதே பெரிய விஷயம்.

முந்தைய 20 ஆண்டுகளில் இயற்பியல் நோபல் வாங்கியவர்களையும் கணக்கெடுத்தார். 84 சதவீதத்தினருக்கு எச் 30 அல்லது அதற்கு மேல். நோபல் பரிசு ஒரே அதிர்ஷ்டத்தில் வருவதில்லை, தொடர் உழைப்பில்தான் வருகிறது என்று அதிலிருந்து முடிவு கட்டினார்.

இன்னொன்றும் செய்தார், அதுதான் பின்னால் வினையானது. எந்தப் பதவிக்கு எவ்வளவு எச் இருந்தால் சரி என்று உத்தேசமாகச் சொன்னார். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் நிரந்தர வேலைக்குச் சுமார் 12, முழுப் பேராசிரியருக்குச் சுமார் 18, தேசிய அறிவியல் அகாடமி உறுப்பினராக 45க்கு மேல். ஒரே எண்ணை வைத்து மனிதரை எடைபோடக் கூடாது என்று எச்சரிக்கையும் அதே கட்டுரையில் இருந்தது. குழுக்கள் எண்களை எடுத்துக்கொண்டன, எச்சரிக்கையை விட்டுவிட்டன. இதில் குழுக்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 12, 18, 45 என்று அச்சில் போட்டுக் கொடுத்தால் யார்தான் பயன்படுத்தாமல் இருப்பார்கள்?

அந்த 84 சதவீதத்துக்கு வெளியே நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். ஹிக்ஸ் துகளை 1964இல் கணித்து, அதற்காக 2013இல் நோபல் வாங்கிய பீட்டர் ஹிக்ஸ் 1964க்குப் பிறகு வெளியிட்ட கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் துறை வெளியீட்டுப் பட்டியல் கேட்கும்போது 'ஏதுமில்லை' என்று எழுதி அனுப்புவாராம். இன்றைக்கு என்றால் தனக்கு வேலையே கிடைத்திருக்காது என்று நோபல் விழாவுக்குப் போகும் வழியில் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். எச் ஒருபோதும் கட்டுரை எண்ணிக்கையைத் தாண்டாது. அந்த வகையில் ஹிக்ஸ் துகள் உலகத்தையே மாற்றினாலும் ஹிக்ஸின் எச் ஏறாது.

ஹிர்ஷின் சொந்தப் பட்டியல்: மேல் பகுதி

ஹிர்ஷ் 1953இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் பிறந்தவர். சிகாகோவில் 1980இல் முனைவர் பட்டம், பிறகு சாண்டா பார்பராவில் சில காலம், 1983 முதல் சான் டியாகோ.

அவர் பெயரில் அதிக மேற்கோள் வாங்கிய கட்டுரை எது? இயற்பியல் கட்டுரை இல்லை, எச்-இண்டெக்ஸ் கட்டுரைதான். கூகுள் ஸ்காலர் கணக்கில் பத்தாயிரத்தைத் தாண்டியாயிற்று. அவருடைய அளவுகோலின்படி அந்தக் கட்டுரை அவருடைய எச்சுக்குக் கொடுப்பது ஒன்றே ஒன்று. எல்லைக் கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் கட்டுரை எவ்வளவோ அவ்வளவுதான் இதுவும்.

அடுத்த நிலையில் இருப்பது 1999இல் அவர் எழுதிய ஸ்பின் ஹால் விளைவு. ஒரு கடத்தியில் மின்னோட்டம் செல்லும்போது, மேல்நோக்கிச் சுழலும் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமும் கீழ்நோக்கிச் சுழல்பவை மறுபக்கமும் ஒதுங்கும் என்பது சாரம். இதை டையகனோவ், பெரெல் என்ற இரு சோவியத் இயற்பியலாளர்கள் 1971இலேயே கணித்திருந்தார்கள். அது 28 ஆண்டுகள் கிட்டத்தட்ட தூங்கியது. ஹிர்ஷ் அதையே தனியாக வந்தடைந்து, இன்று எல்லோரும் வழங்கும் பெயரையும் வைத்தார். 2004இல் சாண்டா பார்பராவில் ஆய்வகத்தில் அது நேரடியாகப் பார்க்கப்பட்டதும் 1999 கட்டுரைக்கு மேற்கோள்கள் கொட்டத் தொடங்கின. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. 1971ஐயும் இப்போது மரியாதையாகச் சேர்த்துக் குறிப்பிடுகிறார்கள். முதலில் சொன்னவருக்கு மேற்கோள் போகும் என்பது ஒரு நம்பிக்கைதான். பெரும்பாலும் அது போவது, கேட்க ஆள் இருக்கும் நேரத்தில் சொன்னவருக்கு.

அதற்கும் முந்தையவை 1980களின் வேலைகள். இவை அவ்வளவு பிரபலம் இல்லை, ஆனால் என் பார்வையில் அவருடைய மிக உறுதியான பங்களிப்பு இவைதான். ஒரு திண்மத்துக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்வதை விவரிக்க ஹப்பர்ட் மாதிரி என்று ஒன்று உண்டு. எழுத ஒரு வரி, தீர்க்க ஒரு வாழ்நாள். கணினியில் அதைப் போலச் செய்து பார்க்க, எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கலை ஒரு துணைப் புலமாக மாற்றி எழுதுவார்கள். அந்தப் புலம் எந்த மதிப்பை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் கணக்கு நீண்டுகொண்டே போகும். 1983இல் ஹிர்ஷ், அந்தப் புலம் கூட்டல் 1, கழித்தல் 1 என்ற இரண்டே மதிப்புகளை எடுத்தால் போதும் என்று காட்டினார். தோராயம் இல்லை, துல்லியமான மாற்றம். 1986இல் ரிச்சர்ட் ஃபையோடு சேர்ந்து, ஒரு உலோகத்தில் பதிந்த காந்த மாசு அணுவைக் கணக்கிடும் வழி ஒன்றைக் கொடுத்தார். 1990களில் புதுக் கோட்பாட்டு முறைகள் வந்தபோது அவற்றின் உள்ளே ஓடிய இயந்திரங்களில் ஒன்று இந்த ஹிர்ஷ்-ஃபை முறை.

கருவி செய்து கொடுத்தவருக்கு மேற்கோள் நிலையாக வரும். அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் குறிப்பிட்டாக வேண்டும், ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்ற பேச்சே அங்கே இல்லை. ஹிர்ஷின் எச்-இண்டெக்ஸின் அடித்தளம் இப்படிப்பட்ட கட்டுரைகள்.

கீழ்ப் பகுதி: துளைகள்

1986இல் பெட்னோர்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடு மீகடத்திகளைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை இல்லாத உயர்ந்த வெப்பநிலையில் மின்தடை மறைந்தது. உலகமே அதன் பின்னால் ஓடியது, ஹிர்ஷும் ஓடினார். அந்தப் பொருட்களில் மின்னோட்டத்தைச் சுமப்பவை பெரும்பாலும் 'துளைகள்', அதாவது எலக்ட்ரான் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத வெற்றிடங்கள். 1989 முதல் ஹிர்ஷ் சொல்லத் தொடங்கியது இதுதான்: தாமிர ஆக்சைடில் மட்டுமல்ல, எல்லா மீகடத்திகளிலும் துளைகள்தான் காரணம்.

பிறகு இன்னும் மேலே போனார். 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் கொடுத்த பிசிஎஸ் கோட்பாடுதான் மீகடத்தலுக்கான பாடப்புத்தக விளக்கம். திண்மத்தில் அணுக்கள் அடுக்கியிருக்கும் அணிக்கோவையின் அதிர்வு எலக்ட்ரான்களை இணை சேர்க்கிறது என்பது அதன் உயிர். அது அடிப்படையிலேயே தவறு, மீகடத்தி தன்னுள்ளிருந்து காந்தப் புலத்தை வெளியே தள்ளும் மைஸ்னர் விளைவை அது விளக்கவே இல்லை என்று ஹிர்ஷ் எழுதினார். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் மார்சிலியோ பல காலம் கூட இருந்தார். மற்றபடி பெரும்பாலும் தனி ஆள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள்.

அவற்றுக்குக் கிடைத்த கவனம், 1980களின் வேலையோடு வைத்துப் பார்த்தால் சொற்பம். பெரும்பாலானோர் மறுத்துக்கூட எழுதவில்லை, கடந்து போனார்கள்.

கண்டுகொள்ளப்படாத மேதை என்ற கதையை இந்த இடத்தில் சொல்லிவிடுவது சுலபம், எனக்கு அதில் உடன்பாடில்லை. பிசிஎஸ் பக்கம் ஆதாரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரே தனிமத்தின் ஐசோடோப்பை மாற்றினால், மீகடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலை மாறுவது 1950இலேயே தெரியும். காந்தப் பாயம் இரண்டு எலக்ட்ரான் மின்னூட்டத்துக்கு ஏற்ற துண்டுகளாக வருவது 1961இல் அளக்கப்பட்டது. ஹைட்ரஜன் சல்ஃபைடை அழுத்தத்தில் வைத்தால் 200 கெல்வின் அருகில் மீகடத்தும் என்று அதிர்வுக் கோட்பாட்டை வைத்து 2014இல் கணித்தார்கள். அடுத்த ஆண்டு 203 கெல்வினில் அளந்ததாக ஜெர்மனியின் மைன்ஸ் நகரக் குழு அறிவித்தது. ஹிர்ஷ் இந்த அளவீட்டையும் ஏற்கவில்லை. ஒரு கட்டத்தில், தன் கோட்பாட்டுக்கு ஒத்துவராத ஒவ்வொரு சோதனையும் தவறு என்று சொல்ல வேண்டிய நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், கேட்பவர்கள் குறைவது இயல்புதான்.

ஆக, அந்தக் கட்டுரைகளின் குறைந்த மேற்கோள் சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், தவறு என்பதால் ஒதுக்கப்பட்டதா, பிடிக்கவில்லை என்பதால் ஒதுக்கப்பட்டதா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1971 முதல் 1999 வரை டையகனோவ்-பெரெல் கட்டுரையின் எண்ணும் கிட்டத்தட்ட இப்படித்தான் கிடந்திருக்கும்.

2020இல் ஹிர்ஷ் இதைத் தன் வாயாலேயே சொன்னார். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ஒரு செய்தி மடலில், எச்-இண்டெக்ஸ் படுமோசமாகத் தோற்கவும் கூடும், எதிர்பாராத கடுமையான தீய விளைவுகள் அதற்கு உண்டு என்று எழுதினார். தன் வாதம் என்ன என்பதையும் மறைக்கவில்லை. எச் ஏற வேண்டுமென்றால் பெரும்பான்மை போகும் பாதையில்தான் எழுத வேண்டும். பாதையைக் கேள்வி கேட்பவரின் கட்டுரையை மதிப்பிட வருபவர்களே அந்தப் பாதையில் எச் சேர்த்தவர்கள். அப்புறம் ஒரு கிண்டல்: அறிவியல் உலகில் பாதிப் பேர் எச்-இண்டெக்ஸை நேசிக்கிறார்கள், பாதிப் பேர் வெறுக்கிறார்கள், யார் எந்தப் பாதி என்பதை அவரவர் எச் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார்.

2020க்குப் பிறகு: இன்னொருவரின் கட்டுரை

அதே 2020 அக்டோபரில் நேச்சர் இதழ் ஒரு பெரிய செய்தி போட்டது. கார்பன், கந்தகம், ஹைட்ரஜன் கலந்த ஒரு பொருளை இரண்டு வைர முனைகளுக்கு இடையே 267 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் நெருக்கினால் சுமார் 15 டிகிரி செல்சியஸில், அதாவது குளிரான ஒரு அறையின் வெப்பநிலையில், மீகடத்துகிறது என்று ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரங்கா டயஸ் குழு அறிவித்தது. டயஸ் இலங்கையில் பிறந்து கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

ஹிர்ஷின் கோட்பாட்டுப்படி இது நடக்கவே கூடாது. அதனால் அவர் நோண்டியதில் ஆச்சரியமில்லை. ஆனால் நோண்டிய விதம் கவனிக்கத் தக்கது. கோட்பாடு பேசாமல், காந்தப் புலத்துக்குப் பொருள் எப்படிப் பதில் தருகிறது என்று காட்டும் காந்த ஏற்புத்திறன் வளைவுகளை உற்றுப் பார்த்தார். 2009இல் யூரோப்பியம் என்ற உலோகத்தைப் பற்றி வந்த வேறொரு கட்டுரையின் வளைவுகளைப் போலவே இவையும் இருப்பதாக அவருக்குப் பட்டது. இரண்டு கட்டுரைக்கும் ஒரு ஆசிரியர் பொது. அந்த யூரோப்பியம் கட்டுரை 2021 கடைசியில் திரும்பப் பெறப்பட்டது.

டயஸ் குழுவிடம் மூலத் தரவைக் கேட்டார். கிடைக்கவில்லை. விடாமல் இதழுக்கும் நிதி அமைப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக்கொண்டே இருந்தார். ஓராண்டுக்கும் மேல் கழித்து எண்கள் வெளியே வந்தன. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் டிர்க் வான் டெர் மாரலும் ஹிர்ஷும் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தார்கள்.

அவர்கள் கண்டதை எளிதாகச் சொல்லலாம். இவ்வளவு சின்ன மாதிரியில் வரும் சிக்னல், கருவியின் பின்னணிச் சிக்னலில் மூழ்கிக் கிடக்கும். பின்னணியைத் தனியாக அளந்து கழித்தால்தான் மீகடத்தலின் சரிவு தெரியும். இரண்டு இரைச்சலான அளவீடுகளைக் கழித்தால் வரும் விடையில் இரைச்சல் கூடத்தான் வேண்டும், குறையக் கூடாது. ஆனால் அச்சான வளைவில் இருந்தது வழுவழுப்பான ஒரு கோடும், அதன் மேல் ஒரே உயரத்தில் ஏறி இறங்கும் படிகளும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடிந்தது. கருவி காட்டிய எண்ணிலிருந்து பின்னணியைக் கழித்து இப்படி ஒன்று வருவதற்கு வழியில்லை என்பது அவர்கள் வாதம்.

2022 செப்டம்பர் 26 அன்று நேச்சர் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பின்னணியைக் கழித்த முறை வழக்கத்துக்கு மாறானது, அது கட்டுரையில் விளக்கப்படவும் இல்லை என்பது காரணம். ஆசிரியர்கள் சம்மதிக்கவில்லை. 2023 மார்ச்சில் டயஸ் குழு லுட்டேஷியம், ஹைட்ரஜன், நைட்ரஜன் சேர்ந்த இன்னொரு அறை வெப்ப மீகடத்தியை அதே நேச்சரில் அறிவித்தது. அதுவும் அந்த நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது, இம்முறை கேட்டவர்கள் கூட்டாசிரியர்கள் 8 பேர். ரோசெஸ்டரின் உள் விசாரணைகள் முதலில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தன. பின்னர் வெளி நிபுணர்களை வைத்து நடந்த விசாரணை முறைகேடு நடந்ததாக முடிவு செய்தது. 2024 நவம்பரில் டயஸ் அங்கே பணியில் இல்லை என்று பல்கலைக்கழகம் உறுதிசெய்தது.

இடையில் ஹிர்ஷுக்கும் அடி விழுந்தது. கடுமையான மொழிக்காக 2022 தொடக்கத்தில் ஆர்க்கைவ் தளம் அவருக்கு ஆறு மாதம் தடை போட்டது, அவருடைய கட்டுரைகள் சிலவற்றையும் எடுத்துவிட்டது. எதிர்த்தரப்பின் பதிலும் எடுக்கப்பட்டது. எச்-இண்டெக்ஸ் கட்டுரையை அவர் முதலில் ஏற்றிய அதே தளம். ஹிர்ஷின் எழுத்து நயமாக இருக்காது என்பது உண்மை. ஆனால் தரவைக் கொடுங்கள் என்று கேட்டவர் தண்டனை வாங்கி ஏழு மாதத்துக்குப் பிறகுதான் கட்டுரை விழுந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மேற்கோள் கணக்கு இந்த விவகாரத்தில் என்ன செய்தது? திரும்பப் பெறப்படும் முன் அந்த நேச்சர் கட்டுரை நூற்றுக்கணக்கான மேற்கோள் வாங்கிவிட்டது. அவற்றில் பாராட்டும் உண்டு, சந்தேகமும் உண்டு, 'இது தவறு' என்று எழுதியதும் உண்டு. எண்ணும்போது எல்லாம் ஒன்று ஒன்றுதான். ஹிர்ஷ் அந்தக் கட்டுரையைத் தாக்கி எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் அதன் மேற்கோளை ஒன்று கூட்டியது. ஒரு கட்டுரையைக் குறிப்பிடாமல் மறுக்க வழி இல்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு சாட்சியையும் நம் பக்கச் சாட்சி என்று எண்ணினால் எப்படியிருக்கும், அப்படி.

ஒட்டுப் போட்ட கணக்குகள்

ஹிர்ஷ் தன் அளவைச் சரிசெய்ய முயன்றதும் உண்டு. 2007இல், எச் ஒருவரின் எதிர்கால வேலையையும் முன்கூட்டியே சொல்லும் என்று புள்ளிவிவரத்தோடு ஒரு கட்டுரை. 2010இல் கூட்டாசிரியர்கள் அதிகமானால் என்ன செய்வது என்பதற்கு இன்னொரு குறியீடு. இந்தத் தொல்லை கற்பனை இல்லை. 2015இல் ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் இரண்டு குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். அத்தனை பேருக்கும் அதே மேற்கோள் போய்ச் சேரும். 2019இல் குழுவை வழிநடத்தியவர் யார் என்று பார்க்க மூன்றாவது குறியீடு ஒன்றைக் கொண்டுவந்தார். இவற்றை யாரும் படிவத்தில் கேட்பதில்லை. கூகுள் ஸ்காலரின் ஓரத்தில் இருப்பது 2005இன் எண்தான்.

இதற்கிடையே வெளியிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் இதழின் தாக்கக் காரணியை வைத்து ஆட்களை எடைபோடாதீர்கள் என்றது. 2015இல் லெய்டன் அறிக்கை, எண் ஒரு துணை மட்டுமே, துறை அறிந்தவர் படித்துப் பார்த்துச் சொல்வதுதான் முதன்மை என்றது. கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் ஏராளம். படித்துப் பார்க்க நேரம் ஒதுக்குபவை எத்தனை என்பது வேறு கதை. 300 விண்ணப்பங்கள் மேசையில் இருக்கும்போது, அட்டவணையின் ஒரு பத்தியில் வரிசைப்படுத்த முடிகிற எண்ணை ஒதுக்கிவைக்கும் குழு அபூர்வம்.

ஹிர்ஷ் விவகாரத்தில் படித்துப் பார்ப்பவருக்கும் வேலை சுலபமில்லை. 1983 கட்டுரையைப் படிக்கும் குழு மகிழும். துளைக் கட்டுரைகளைப் படிக்கும் குழு முகம் சுளிக்கும், அநேகமாக நியாயமாகவே. அறை வெப்ப மீகடத்தியைப் பிரித்த கட்டுரையில் சரியாக இருந்த அதே ஆள், ஹைட்ரஜன் நிறைந்த எந்தப் பொருளும் அழுத்தத்தில் மீகடத்தவே இல்லை என்றும் சொல்கிறார். துறையில் பெரும்பாலானவர்கள் இதை ஏற்பதில்லை. மைன்ஸ் அளவீடுகளை வேறு ஆய்வகங்களும் செய்து பார்த்திருக்கின்றன. தவறான கோட்பாட்டை நம்பியதால்தான் அவர் அந்தத் தரவைச் சந்தேகித்தார், சந்தேகித்ததால்தான் உண்மை வெளியே வந்தது என்றுகூடச் சொல்லலாம். இதற்கு எந்தக் குறியீட்டிலும் இடமில்லை, விண்ணப்பப் படிவத்தில் கட்டமும் இல்லை.

வான் டெர் மாரலோடு அவர் எழுதிய அந்தப் பகுப்பாய்வு முறையாக அச்சாகியிருக்கிறது. அது தவறென்று காட்டிய நேச்சர் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. ஹிர்ஷின் பட்டியலை மேலிருந்து கீழாக அடுக்கினால் அது எல்லைக் கோட்டுக்குக் கீழே, எச் எண்ணாத பகுதியில் விழுகிறது.